ஏ பாசிட்டிவ்னா ரத்தம் கட்டுமா? ப்ளட் குரூப்புக்கும் வியாதிக்கும் நெஜமாவே சம்பந்தம் இருக்கா?

கரூர்_செல்வா

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, போன மாசம் முட்டி மாத்துற ஆபரேஷன் பண்ணோம், நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்து பெரும்பாலும் படுக்கையிலயே இருந்தாரு, திடீர்னு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகிப் போச்சு, தொட்டா சூடா இருந்துச்சு. அம்மா தைலம் போட்டு நீவி விட்டாங்க, குறையலன்னதும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், டாப்ளர் ஸ்கேன்ல உள்ள இருக்குற பெரிய ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கு, டிவிடின்னு சொன்னாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போயிட்டு இருக்கு, இப்ப வீக்கம் வத்திட்டு வருது.

மேட்டர் என்னன்னா சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு போட்டிருக்காரு. ஏ குரூப்னா ரத்தக்கட்டு, வயித்து கேன்சர், பி குரூப்னா கணையத்துல கேன்சர், ஏபின்னா ஹார்ட் அட்டாக், ஞாபக மறதி, ஓ மட்டும் கடவுள் குடுத்த ரத்தம் ஒண்ணும் வராதுன்னு. அப்பா ஏ பாசிட்டிவ், அம்மா ஓ பாசிட்டிவ், நானும் தங்கச்சியும் ஏ பாசிட்டிவ். தங்கச்சி இப்ப மாசமா இருக்கா, அஞ்சாவது மாசம், அவ இதைப் படிச்சுட்டு ஒரே அழுகை. இது சுத்தமா கப்சாவா இல்ல ஏதாவது உண்மை இருக்கா? குரூப்புக்கு ஏத்த டயட்னு வேற சொல்றாங்களே, அதுல இருந்தா சரியாகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_ஒருத்தன்

நான் ஓ பாசிட்டிவ். கடவுள் குடுத்த ரத்தமான்னு தெரியல, ஆனா மொட்டை மாடில பத்து பேர் உக்காந்தா கொசு என்னைத்தான் தேடி வருது 😂

ப்ளட்பேங்க்_பாண்டி

தம்பி செல்வா, நான் ரத்த வங்கில டெக்னீசியனா ரொம்ப காலமா இருக்கேன், இந்த ஃபார்வர்டு எங்க ஆளுங்க குரூப்புக்கும் வந்துச்சு. இதுல சிக்கல் என்னன்னா முழுப் பொய்யா இருந்தா தூக்கிப் போட்டுரலாம், பாதி உண்மை, அதை ஊதிப் பெருசாக்கி வச்சிருக்கான் எவனோ. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

குரூப்னா என்னன்னு மொதல்ல பாத்துருவோம். நாங்க குரூப் பாக்கறப்ப ஒரு வெள்ளை டைல்ல மூணு சொட்டு ரத்தம் வச்சு ஒண்ணுல நீல மருந்து, ஒண்ணுல மஞ்சள், ஒண்ணுல நிறமே இல்லாத மருந்து ஊத்தி குச்சியால கலக்கி டைலை லேசா ஆட்டுவோம். நீலத்துல திரிஞ்சு குருணை குருணையா ஒதுங்குனா ஏ, மஞ்சள்ல ஒதுங்குனா பி, ரெண்டுலயும்னா ஏபி, ரெண்டுலயும் ஒண்ணும் ஆகலன்னா ஓ. நிறமில்லாததுதான் பாசிட்டிவா நெகட்டிவான்னு சொல்றது. அங்க ஒதுங்க வைக்கிறது என்னன்னா செவப்பணு மேல ஒட்டியிருக்குற ஒரு சர்க்கரைத் துணுக்கு, அவ்வளவுதான். ஏ காரங்களுக்கு ஒரு வகை சர்க்கரை, பி காரங்களுக்கு இன்னொரு வகை, ஓ காரங்களுக்கு கடைசியா ஒட்ட வேண்டிய அந்தத் துணுக்கு இல்ல. 9வது குரோமோசோம்ல இருக்குற ஒரே ஒரு ஜீன்தான் இதைத் தீர்மானிக்குது, ஓ காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும், அதனால சர்க்கரை ஒட்டுற என்சைம் வேலை செய்யாது. ஏ, பி, ஓ பிரிவுகளை 1901ல வியன்னால லேண்ட்ஸ்டைனர் எழுதினாரு, 1930ல நோபல் பரிசு வாங்குனாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்தச் சர்க்கரை செவப்பணு மேல மட்டும் இருந்தா பிரச்சனையே இல்ல, ரத்தக்குழாய் உள்சுவர், வயித்தோட உள் தோல், அப்புறம் ரத்தம் உறையறதுக்கு உதவுற வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்னு ஒரு புரதம், அது மேலயும் ஒட்டியிருக்கும். சர்க்கரை ஒட்டியிருந்தா அந்தப் புரதம் ஒடம்புல கொஞ்சம் அதிக நேரம் தங்கும், இல்லன்னா சீக்கிரம் கழிஞ்சிரும். அதனால ஓ காரங்களுக்கு அந்தப் புரதம் மத்தவங்களை விட சுமார் 25 சதவீதம் கம்மியா இருக்கும், கூடவே ரத்தம் உறைய உதவுற ஃபேக்டர் எட்டுங்கற இன்னொரு புரதமும் கம்மியா இருக்கும். ரத்தம் உறையற வேகத்துல ஒரு சின்ன வித்தியாசம் அங்கதான் வருது, ஓ இல்லாதவங்களுக்கு காலுல நுரையீரல்ல ரத்தம் கட்டுற வாய்ப்பு ஓ காரங்களை விட ஒன்றரை மடங்குலேர்ந்து ரெண்டு மடங்கு வரைக்கும்னு பல நாட்டு ஆய்வுல திரும்பத் திரும்ப வந்திருக்கு. இது நெஜம்.

ஆனா ரெண்டு மடங்குன்னதும் பயந்துடாதீங்க, எதோட ரெண்டு மடங்குன்னு பாக்கணும். மேலைநாட்டுக் கணக்குல வருஷத்துக்கு ஆயிரம் பேர்ல சுமார் ஒருத்தருக்குத்தான் இந்த ரத்தக்கட்டு வருது. அதைக் கூட்டிப் பாத்தாலும் ஏ குரூப் காரங்கள்ல ஆயிரத்துக்கு 998 பேரு அந்த வருஷம் கால் வீங்காம நடந்துட்டுத்தான் இருப்பாங்க. உங்க அப்பாவுக்குக் கட்டுனது ஏ குரூப்னால இல்ல தம்பி, முட்டி ஆபரேஷன், படுக்கை, வயசு, இந்த மூணும்தான், குரூப் ஓரமா நின்னு கொஞ்சம் கை குடுத்திருக்கும்.

இன்னொண்ணு, அம்மா ஓங்கறதால உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஒரு பக்கம் ஏ ஒரு பக்கம் ஓ. ஏ காரங்கள்லயே ரெண்டு பக்கமும் ஏ வாங்குனவங்களை விட உங்களை மாதிரி ஒரு பக்கம் ஓ இருக்கறவங்களுக்கு அந்தப் புரதம் கொஞ்சம் கம்மிதான். டைல்ல பாத்தா இந்த வித்தியாசம் தெரியாது, ரெண்டும் ஏ தான்.

கேன்சர், ஹார்ட்டு பத்தி வேற ஒருத்தர் வந்து சொல்லட்டும்னு பாத்தேன், சரி நானே சொல்லிடறேன். வயித்து கேன்சர் ஏ காரங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தின்னு 1953லயே இங்கிலாந்துல கண்டுபிடிச்சாங்க, அதுக்கு அடுத்த வருஷமே சிறுகுடல் ஆரம்பத்துல வர்ற அல்சர் ஓ காரங்களுக்கு ஜாஸ்தின்னும் எழுதினாங்க, ரெண்டும் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. 2010ல ஸ்வீடன் டென்மார்க்ல ரத்ததானம் பண்ண பத்து லட்சம் பேருக்கு மேல எடுத்துப் பாத்தப்பவும் ஏ குரூப்புக்கு வயித்து கேன்சர் சுமார் 20 சதவீதம் கூடுதல்னு வந்துச்சு. ஆக ஓ மட்டும் கடவுள் ரத்தம்னு சொன்னவன் அல்சர் வந்து ரத்த வாந்தி எடுத்து அட்மிட் ஆகுற ஓ காரங்களைப் பாத்ததில்ல போல, நாங்க பாத்துட்டுத்தான் இருக்கோம், ரத்தம் எங்ககிட்டத்தான் கேட்டு வருவாங்க.

கணையம் மேட்டர் 2009 அமெரிக்க ஆய்வு. ஓ காரங்களை விட பி காரங்களுக்கு 72 சதவீதம் அதிகம்னு தலைப்புப் போட்டா தூக்கம் வராது இல்ல. அதே கட்டுரைல உள்ள எண்ணிக்கையைப் பாருங்க, வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஓ காரங்களுக்கு 27 பேர், ஏ 36, ஏபி 41, பி 46. லட்சத்துக்கு 19 பேர் கூடுதல், அதான் அந்த 72 சதவீதம்.

சும்மா_ஒருத்தன்

அண்ணே கொசு மேட்டருக்கு பதிலே வரல

ப்ளட்பேங்க்_பாண்டி

ஜப்பான்ல 2004ல பண்ணிப் பாத்திருக்காங்க, ஏ காரங்களை விட ஓ காரங்க மேல கொசு அதிகமா உக்காந்துச்சாம், சின்ன ஆய்வுதான். நீ மொதல்ல குளிச்சிட்டு மாடிக்கு போ.

டாக்டர்_ரேவதி

பாண்டி சார் சொன்னது சரி. நான் தங்கச்சி விஷயத்தை மட்டும் சொல்றேன், அதுதான் இங்க அவசரம், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

செல்வா, கர்ப்பமா இருக்கறப்ப எந்தக் குரூப்பா இருந்தாலும் ரத்தம் கட்டுற வாய்ப்பு சாதாரண நேரத்தை விட நாலஞ்சு மடங்கு கூடுது, பிரசவம் ஆகி முதல் ஆறு வாரம் அதை விட அதிகம், ஏன்னா பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்கணும்னு ஒடம்பே ரத்தத்தை உறையற பக்கமாத் தள்ளி வச்சிருக்கும். இதுக்கு முன்னாடி குரூப்போட பங்கு சின்னது. அதனால அவங்க பாக்குற மகப்பேறு டாக்டர்கிட்ட அடுத்த செக்கப்ல "எங்க அப்பாவுக்கு முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் டிவிடி வந்துச்சு"ன்னு கண்டிப்பா சொல்லச் சொல்லுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம்ங்கற வார்த்தை முக்கியம், காரணத்தோட வந்த கட்டுக்கும் 35 வயசுல சும்மா இருந்தவருக்குத் தானா வந்த கட்டுக்கும் பரம்பரைக் கணக்குல நிறைய வித்தியாசம். பெரும்பாலும் தண்ணி நல்லா குடிங்க, நடந்துட்டே இருங்கன்னுதான் சொல்லுவாங்க. சிசேரியன் ஆனாலோ வெயிட் அதிகமா இருந்தாலோ அப்போ ரத்தம் உறையாம இருக்க ஊசி வேணுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

ஒரு கால் மட்டும் வீங்குறது, கெண்டைக்கால்ல வலி, திடீர்னு மூச்சு வாங்குறது, மூச்சு இழுத்தா நெஞ்சு வலிக்கறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே போகணும். மாசமா இருக்கறப்ப ரெண்டு காலும் சாயங்காலம் வீங்குறது சகஜம், ஒத்தைக் கால்னாதான் உஷாரா இருக்கணும். அம்மாகிட்டயும் சொல்லிடுங்க, இப்படி வீங்குன காலை தைலம் போட்டு நீவவே கூடாது, உறைஞ்ச ரத்தக்கட்டி நகந்து நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து. நம்ம ஊர்ல கால் வலின்னா மொதல்ல கை போறது தைல பாட்டிலுக்குத்தான், அதான் அழுத்திச் சொல்றேன்.

லேப்ல போய் ஆயிரக்கணக்குல குடுத்து ரத்தம் அளவுக்கு மீறி உறையாம தடுக்குற புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ்னு நீங்களா டெஸ்ட் எடுக்காதீங்க. கர்ப்பத்துல புரோட்டீன் எஸ் தானாவே குறையும், அப்பாவுக்கு இப்ப ரத்தக்கட்டு இருக்கு, மாத்திரையும் ஓடுது, ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் தப்பா வந்து வீணா பயந்துட்டு இருப்பீங்க. வெள்ளைக்காரங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேர்கிட்ட இருக்கற ஃபேக்டர் ஃபைவ் லைடன்ங்கற, ரத்தக்கட்டு வாய்ப்பைக் கூட்டுற ஜீன் மாற்றம் நம்ம ஆளுங்ககிட்ட அரிது, அதையும் பேக்கேஜ்ல சேத்து விக்கறாங்க.

ஹார்ட்டு பத்தி: 2012ல அமெரிக்கால சுமார் 89,500 பேரை 20 வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்ததுல ஓ காரங்களை விட ஏபிக்கு 23 சதவீதம், பிக்கு 11, ஏக்கு 5 சதவீதம் கூடுதல். உங்களுக்கு 5. ஒரு பாக்கெட் சிகரெட்டும் கட்டுப்படாத சுகரும் பண்ற சேதத்துக்கு முன்னாடி இந்த 5 எங்கயோ கெடக்கும். என்கிட்ட வர்ற பேஷண்ட்ல குரூப் கேட்டு மருந்து எழுதுனதே கிடையாது, ரத்தம் ஏத்தறப்பவும் பிரசவத்துலயும் தவிர.

வரலாறு_பைத்தியம்

எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ஒரு கிறுக்கு உண்டு, ஒரு நிமிஷம். எல்லாரும் எந்தக் குரூப் நல்லதுன்னு கேக்கறாங்க, ஒண்ணு மட்டும் நல்லதா இருந்தா மத்த மூணும் இவ்ளோ ஆயிரம் வருஷமா ஏன் அழியாம இருக்குன்னு யாரும் கேக்கல பாத்தீங்களா. பதில் கிருமிங்க கிட்ட இருக்கு.

மலேரியால மூளையைத் தாக்குற மோசமான வகை இருக்கே, ஃபால்சிபேரம், அந்தக் கிருமி புகுந்த செவப்பணு பக்கத்துல இருக்கற நல்ல செவப்பணுங்களை இழுத்துத் தன்மேல ஒட்ட வச்சுக்கும், அந்தக் கொத்து போய் சின்ன ரத்தக்குழாயை அடைச்சுரும். ஒட்டறதுக்குப் பிடிமானமே ஏ, பி சர்க்கரைதான், ஓ ரத்தத்துல பிடி கிடைக்காம கொத்து சீக்கிரம் உதிர்ந்துரும். ஆப்பிரிக்கால மாலி நாட்டுல குழந்தைங்களை வச்சு 2007ல வந்த ஆய்வுல ஓ குரூப் குழந்தைங்களுக்குக் கடுமையான மலேரியா வர்ற வாய்ப்பு 66 சதவீதம் கம்மி. இது ஹார்ட்டு மாதிரி 5 சதவீத சமாச்சாரம் இல்ல, உசுரு போற இடத்துல இவ்ளோ வித்தியாசம், அதனாலதான் ஆப்பிரிக்கால ஓ நிறையன்னு ஆராய்ச்சி பண்றவங்க நெனக்கறாங்க.

இப்ப அப்படியே திருப்புங்க. காலரா வந்தா ஓ காரங்களுக்குத்தான் பேதி ரொம்பக் கடுமையா ஆகும். காலரா காலங்காலமா குடியிருந்த கங்கை டெல்டால, வங்காளப் பக்கம், ஓ குரூப் உலகத்துலயே ரொம்பக் கம்மியா இருக்கற இடங்கள்ல ஒண்ணு, பி ஜாஸ்தி. ஒரு ஊர்ல காப்பாத்துன ரத்தம் இன்னொரு ஊர்ல காலை வாரிடுச்சு. செல்வா சித்தப்பாகிட்ட சொல்லுங்க, அந்த ஃபார்வர்டை எழுதுனவரு எந்த ஊரு, எந்த நூற்றாண்டுன்னு சேத்து எழுதணும்னு.

கொரோனாவுக்கும் இதே கதைதான், 2020ல இத்தாலி ஸ்பெயின் நோயாளிங்களை வச்சுப் பாத்தப்ப மூச்சுத் திணறல் வரைக்கும் போற வாய்ப்பு ஏ காரங்களுக்கு 45 சதவீதம் கூட, ஓ காரங்களுக்கு 35 சதவீதம் குறைவுன்னு வந்துச்சு, அப்போ எங்க தெருவுல ஓ பாசிட்டிவ் அண்ணன் ஒருத்தர் மாஸ்க் போடாம சுத்துனாரு, ரெண்டாவது அலைல பத்து நாள் ஆக்சிஜன்ல இருந்துட்டு வந்தாரு.

சாப்பாட்டுராமன்

டயட் பத்தி யாரும் பேசல, அதுல காசு விட்டவன் நான், சொல்றேன். எங்க ஊர்ல ஒரு நியூட்ரிஷன் சென்டர்ல (பேரு வேணாம்) குரூப் பாத்து சார்ட் குடுக்கறோம்னு சொல்லி நான் பி பாசிட்டிவ்னதும் கோழி, தக்காளி, வேர்க்கடலை, எள்ளு எல்லாம் தள்ளுபடி பண்ணிட்டாங்க, ஓ காரன்னா கறி தின்னு, ஏ காரன்னா சுத்த சைவம். தக்காளி இல்லாம ரசம், எள்ளு இல்லாம இட்லிப்பொடி, வீட்டுல எனக்குத் தனி அடுப்பு. வெயிட் கொறஞ்சுது, ஏன் கொறஞ்சுதுன்னா மைதா, ஸ்வீட்டு, எண்ணெய் பலகாரம் எல்லாம் கூடவே நிறுத்திட்டாங்க, அதை எந்தக் குரூப் காரன் நிறுத்துனாலும் கொறையும்.

அப்புறம் தேடிப் படிச்சேன், கனடால டொரொண்டோல 1,455 பேரை வச்சு 2014ல இதையே சோதிச்சிருக்காங்க. சைவம் மாதிரி இருந்த அந்த ஏ டயட்டைச் சாப்ட்டவங்களுக்கு எல்லாம் வெயிட்டு, பிரஷர், கொழுப்பு நல்லாத்தான் ஆச்சு, ஆனா அவங்க ஏ வா பியா ஓ வாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. காய்கறி தின்னா எல்லாருக்கும் நல்லது, இதுக்கு ஊசி குத்தி குரூப் வேற பாத்தானுங்க.

கரூர்_செல்வா

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். டாக்டர் மேடம், தங்கச்சிகிட்ட நீங்க எழுதுனதைப் படிச்சுக் காமிச்சேன், அடுத்த வாரம் செக்கப், சொல்லிடறேன்னு சொல்லிருக்கா. அம்மா தைல பாட்டிலைத் தூக்கிப் பரண்ல வச்சுட்டாங்க. சித்தப்பா இன்னும் ஒத்துக்கல, அவரு ஓ பாசிட்டிவ், அதான் விட மாட்டேங்குறாரு.

இன்னொரு டவுட் கேட்டுக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பொண்ணு பேசிட்டு இருக்காங்க, அவளும் ஏ பாசிட்டிவ். புருஷன் பொண்டாட்டி ஒரே குரூப்பா இருந்தா குழந்தைக்கு ஊனம் வரும், வியாதி ரெட்டிப்பா வரும்னு எங்க பக்கம் சொல்றாங்க, ஜாதகத்தோட குரூப்பும் கேக்கறாங்க இப்பல்லாம். இதுல ஏதாவது இருக்கா? பொண்ணு வேற யாரும் இல்ல, சொந்த அத்தை பொண்ணுதான்.

ப்ளட்பேங்க்_பாண்டி

ஒரே குரூப்னால ஒரு ஊனமும் வராது தம்பி. நம்ம ஊர்ல ஓ வும் பியும்தான் பெரும்பாலும், ஒரே குரூப் ஆகாதுன்னா தமிழ்நாட்டுல நிறையப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஏ ன்னா குழந்தை ஏ ஆகலாம், நீங்க ஒரு ஓ வை ஒளிச்சு வச்சிருக்கற மாதிரி அவங்களும் வச்சிருந்தா ஓ வும் பொறக்கலாம், அப்போ யாரும் சந்தேகப்பட்டு சண்டை போடாம இருந்தா சரி.

குரூப்புல கல்யாணத்துக்குப் பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பொண்ணு நெகட்டிவ் பையன் பாசிட்டிவ்வா இருந்தா. அப்பக்கூட கல்யாணத்தை நிறுத்தணும்னு இல்ல. மொதல் குழந்தை பாசிட்டிவ்வா இருந்து அதோட ரத்தம் அம்மா ரத்தத்துல கலந்தா அம்மா ஒடம்பு எதிர்ப்பு உண்டாக்கிக்கும், அடுத்த குழந்தையை அது தாக்கும், மஞ்சக்காமாலை, ரத்தசோகைன்னு போயி வயித்துலயே இறக்கவும் செய்யும். ஏழாவது மாசம் வாக்குல ஒரு ஆன்டி டி ஊசி, பொறந்த குழந்தை பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு போட்டா தடுத்துடலாம். அபார்ஷன் ஆனாலும் போடணும், அதைத்தான் நிறைய பேர் விட்டுர்றாங்க. உங்க ரெண்டு பேருக்கும் பாசிட்டிவ், இந்தப் பேச்சே கிடையாது.

டாக்டர்_ரேவதி

செல்வா, குரூப்பை விடுங்க, கடைசி வரில சொன்னீங்களே அத்தை பொண்ணுன்னு, யோசிக்க வேண்டியது அங்கதான். நீங்களும் அவங்களும் ஒரே தாத்தா பாட்டி வழி, அவங்ககிட்ட ஒளிஞ்சிருந்த கெட்ட ஜீன் ஒண்ணு உங்க ரெண்டு பேருக்கும் வந்திருந்தா குழந்தைக்கு ரெண்டு பக்கமும் அதே வந்து சேரலாம். தலசீமியாங்கற பரம்பரை ரத்தசோகை, காது கேளாமை, சில வளர்சிதை மாற்றக் கோளாறு எல்லாம் இப்படித்தான் வருது. கண்டிப்பா வரும்னு சொல்லல, சொந்தத்துல கட்டுனவங்க பெரும்பாலானோருக்கு நல்ல குழந்தைங்கதான், ஆனா வெளில கட்டறதை விட வாய்ப்பு கூட. தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான் நடக்குது, அதனால யாரும் இதைப் பேசறதில்ல.

ரெண்டு குடும்பத்துலயும் சின்ன வயசுல இறந்த குழந்தை, காது கேக்காதவங்க, அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்டவங்க யாராவது உண்டான்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. இருந்தா பரம்பரை வியாதி பத்தி ஆலோசனை சொல்ற ஜெனடிக் கவுன்சலிங் போங்க. இல்லன்னாலும் ரெண்டு பேரும் ரத்த அணுக்களை எண்ணிப் பாக்குற சிபிசியும், ஹீமோகுளோபின் வகையைப் பாக்குற ஹெச்பிஏ2 டெஸ்ட்டும் எடுத்துக்கோங்க, ஒருத்தருக்குச் சுத்தமா நார்மல்னாலே குழந்தைக்கு தலசீமியா மேஜர்ங்கற கடுமையான வகை வராது.

கரூர்_செல்வா

அத்தைக்கு இந்தப் பொண்ணுக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்து ஒரு வயசுக்குள்ள தவறிட்டான்னு பாட்டி சொல்லுவாங்க, என்ன காரணம்னு யாரும் பேசுனதில்ல. அத்தையும் மாமாவும் கூட சொந்தம்தான். இதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியல மேடம், கேட்டா கல்யாணத்தைத் தட்டிக் கழிக்கறேன்னு நெனப்பாங்க.

டாக்டர்_ரேவதி

பாட்டிகிட்ட கேளுங்க, அத்தைகிட்ட வேணாம். குழந்தைக்கு வெளிறிப் போச்சா, மஞ்சளா இருந்துச்சா, வலிப்பு வந்துச்சா, ரத்தம் ஏத்துனாங்களான்னு மட்டும் விசாரிங்க. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருந்தா போட்டோ எடுத்துக்கோங்க. கவுன்சலிங் போறப்ப அதைக் கையோட கொண்டு போங்க, நிச்சயத்துக்கு முன்னாடியே போயிடுங்க.